சம்பளம் இல்லாத குழுவில் ரிலீஸ் தேதி வைப்பது எப்படி? மூன்று முறை தள்ளிப் போட்டாகிவிட்டது

ஏட்டுக்கட்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே,

பள்ளி நூலகங்களில் புத்தகம் கொடுத்து வாங்குவதற்கான ஒரு சின்னக் கட்டற்ற மென்பொருளை நாங்கள் ஒன்பது பேர் நாலு வருடமாக எழுதி வருகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. என்னையும் சேர்த்து நாலு பேர் வேலைக்குப் போகிறவர்கள், மூன்று பேர் கல்லூரி மாணவர்கள், ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார், இன்னொருவர் டொரண்டோவில். முதல் பதிப்பு கிட்டத்தட்ட நாற்பது பள்ளிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரச்சினை இரண்டாம் பதிப்பில்தான். போன ஆடிக்கு வெளியிடுகிறோம் என்றோம், அப்புறம் தீபாவளி என்றோம், அப்புறம் பொங்கல். பொங்கலும் போய்விட்டது.

வேலைப் பலகையில் இன்றைக்கு 64 அட்டைகள் இருக்கின்றன. அதில் நாற்பதுக்கு மேல் யாரோ ஒருவருடைய பெயர் ஒட்டியிருக்கிறது. பெயர் இருக்கிறதே என்று மற்றவர்கள் தொடுவதில்லை, பெயருக்கு உரியவருக்கும் தொட நேரமில்லை.

ஓர் அட்டையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அட்டை 31, பார்கோடு இல்லாத பழைய புத்தகங்களைத் தேடும் வசதி. அரசுப் பள்ளி நூலகத்துக்குள் போனவர்களுக்குத் தெரியும், பாதிப் புத்தகங்களுக்கு மேல் அப்படித்தான் இருக்கும். மேலட்டை கிழிந்து, முதுகில் வெள்ளை மையில் எழுதிய ஓர் எண் மட்டும் மிஞ்சியிருக்கும். இந்த வேலையைக் கல்லூரியில் படிக்கிற தம்பி ஒருவன் ஆகஸ்டில் எடுத்தான். ஆசையாகத்தான் எடுத்தான், முதல் வாரமே பாதி எழுதிக் காட்டினான். அப்புறம் செமஸ்டர் வந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும் நான் “31 என்ன ஆச்சு” என்று கேட்பேன், அவன் “இந்த வாரம் முடிச்சிடுறேன் அண்ணா” என்பான். பதினோரு வாரம் இப்படியே போனது. பன்னிரண்டாவது வாரம் அவன் கூட்டத்துக்கு வரவில்லை, அன்றைக்கு ராத்திரியே டெலிகிராம் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டான். நான் ஒரு தடவைகூட அவனைக் கடிந்து பேசியதில்லை. ஆனால் எல்லோர் முன்னாலும் வாராவாரம் கேட்டேனே, அதுவே போதுமாக இருந்திருக்கிறது. இது என்னை ரொம்ப உறுத்துகிறது.

போன வாரம் ஓர் ஆசிரியை போன் செய்தார். “ஜூன்ல ஸ்கூல் திறக்குறதுக்குள்ள கிடைச்சிடுமா சார்? கிடைக்காதுன்னா நோட்டுலயே எழுதிக்கிறேன், பரவாயில்ல. எதுன்னு தெரிஞ்சா போதும்.” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அலுவலகத்தில் எனக்குப் பழகிய வழி ஒன்றுதான். வேலையைப் பிரித்து, எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று கொடுத்து, பின்னாலேயே விசாரித்துக்கொண்டிருப்பது. இங்கே அது எதுவும் செல்லாது என்று புரிந்துவிட்டது. ஆனால் டெபியன் இயங்குதளம், க்னோம் திரைச்சூழல், லினக்ஸின் மையக்கருவான கெர்னல் எல்லாம் எங்களைவிட நூறு மடங்கு பெரிய கூட்டம், அவர்களுக்கு மட்டும் தேதி எப்படி நிற்கிறது? இல்லை, எங்களைப் போன்ற சின்னக் குழு தேதியே வைக்கக் கூடாதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

களத்துமேடு பதில்:

டெபியனில் ஆறேழு பேக்கேஜ்களை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்களைப் பராமரித்து வருகிறேன், அதனால் அங்கே பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

நீங்கள் இன்றைக்கு நிற்கிற இடத்தில் டெபியனும் ஒரு காலத்தில் நின்றதுதான். 3.0 பதிப்பு, வுடி என்று பெயர், 2002 ஜூலையில் வந்தது. அதற்கு அடுத்த சார்ஜ் வந்தது 2005 ஜூனில். ஏறக்குறைய மூன்று வருடம். இடைப்பட்ட காலத்தில் யாரும் சும்மா இருக்கவில்லை. இன்ஸ்டாலரை அடியிலிருந்து புதிதாக எழுதினார்கள், பதினோரு வகைக் கணினி அமைப்புகளுக்கும் ஒரே நாளில் வெளியிட வேண்டும் என்று உறுதியாக இருந்தார்கள், பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு தயாராகட்டும் என்று காத்திருந்தார்கள், நடுவில் டெபியனின் கொள்கைகளைச் சொல்லும் சமூக ஒப்பந்தத்தின் வாசகத்தைத் திருத்த ஒரு வாக்கெடுப்பு, அந்தத் திருத்தத்தால் ரிலீஸே நின்றுவிடும் போலிருக்கிறதே என்று அதைத் தள்ளிவைக்க இன்னொரு வாக்கெடுப்பு. தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான வேலைதான். ஆனால் எல்லாம் முடிந்த பிறகே ரிலீஸ் என்று வைத்துக்கொண்டால், ஒன்றை முடிக்கும்போது முன்னால் முடித்தது பழசாகியிருக்கும். உங்கள் 64 அட்டையைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

அதற்கு அடுத்த எட்ச் பதிப்பின்போது பணத்தை வைத்துத் தீர்க்கப் பார்த்தார்கள். 2006-ல் ரிலீஸ் மேனேஜர்கள் இருவர் ஆளுக்கு ஒரு மாதம் முழு நேரமும் உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று தனியாக நிதி திரட்டினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வருடக்கணக்கில் இலவசமாக உழைத்தவர்களுக்கு அது உறுத்தியது, அப்படியானால் நான் மட்டும் ஏன் என்று சிலர் வெளிப்படையாகவே தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். டிசம்பருக்கு என்று குறித்த எட்ச் 2007 ஏப்ரல் 8 அன்று வந்தது. தாமதத்துக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் குழுவில் யாராவது “நன்கொடை வாங்கி ஓர் ஆளை வைப்போம்” என்று ஆரம்பித்தால், மற்ற எட்டுப் பேரிடமும் முதலில் மனம்விட்டுப் பேசிவிடுங்கள்.

இப்போது எப்படி நடக்கிறது என்றால், வெளியிடும் தேதியை யாரும் முதலில் சொல்வதில்லை. கதவை மூடும் தேதியைத்தான் சொல்கிறார்கள். புக்வோர்ம் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி 12 முதல் அடித்தளத்தையே ஆட்டுகிற பெரிய மாற்றங்கள் கிடையாது, பிப்ரவரி 12 முதல் புதிய பேக்கேஜ் எதுவும் உள்ளே வராது, மார்ச் 12-ல் இந்தக் கதவடைப்பு, ஃப்ரீஸ் என்பார்கள், இன்னும் இறுகியது, மே 24 முதல் ரிலீஸ் குழு ஒவ்வொன்றாகப் பார்த்து அனுமதித்தால்தான் உண்டு, ஜூன் 10-ல் வெளியீடு. இந்தத் தேதிகளில் ஒன்றுகூட “இதற்குள் இதை முடி” என்று யாரையும் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். “இதற்கு மேல் இது வேண்டாம்” என்று மட்டும்தான் சொல்கிறது. சம்பளம் கொடுக்காதவரிடம் செய் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை, கதவைச் சாத்தும் அதிகாரம் மட்டும்தான் இருக்கிறது. அது போதும் என்பதுதான் இத்தனை வருடத்தில் நான் கண்டது.

கடுமையான பக், அதாவது பழுது, உள்ள பேக்கேஜை யாரும் சரிசெய்யாமல் விட்டால், முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, குறித்த நாளில் அடுத்த ரிலீஸுக்கான தொகுப்பிலிருந்து தானாகவே எடுத்துவிடுகிறார்கள். முக்கியமான சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. என்னுடையதே ஒருமுறை அப்படி வெளியே போயிருக்கிறது. ஒரு வாரம் வருத்தமாக இருந்தது, அப்புறம் நேரம் கிடைத்தபோது சரிசெய்து திரும்பச் சேர்த்தேன். யாரும் என்னிடம் “என்ன ஆச்சு” என்று கேட்கவில்லை.

இனி அந்தத் தம்பியைப் பற்றி. டெபியனில் நான் மிகவும் மதிக்கிற விஷயம், “என்னால் முடியவில்லை” என்று சொல்வதற்கு அங்கே பல படிகள் இருக்கின்றன. ஒரு பேக்கேஜுக்கு உதவி வேண்டுமென்றால் ஆர்எஃப்எச் என்று போடலாம், அப்படியென்றால் நான் போகவில்லை, தோள் கொடுக்க ஆள் வேண்டும் என்று அர்த்தம். ஆர்எஃப்ஏ என்றால் நல்ல ஆள் கிடைக்கும்வரை பார்த்துக்கொள்கிறேன், பிறகு ஒப்படைத்துவிடுவேன். ஓ என்ற ஒற்றை எழுத்துப் போட்டால் இன்றோடு கைவிட்டேன், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் பொதுப் பட்டியலில் எல்லோருடைய பெயரோடும் இருக்கிறது, ஒருவரும் தலைகுனிவாக நினைப்பதில்லை. ஒன்றுமே சொல்லாமல் காணாமல் போனவர்களுக்கு மெதுவாகக் கடிதம் எழுதி விசாரிக்க ஒரு குழுவே இருக்கிறது. இன்னொருவர் பேக்கேஜில் நான் கை வைக்க வேண்டி வந்தாலும் திருத்தத்தைத் தாமத வரிசையில் போட்டுவைக்கலாம், 15 நாள் வரை அது அங்கேயே காத்திருக்கும், உரியவர் பார்த்து வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். ஆளைத் துரத்தாமலே வேலை நகர்ந்துவிடும்.

உங்கள் பலகையில் எடுப்பதற்கு மட்டும்தான் இடம் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க இடம் இல்லை. அந்தத் தம்பிக்கு “இந்த வாரம் முடிச்சிடுறேன்” என்பதைத் தவிரச் சொல்வதற்கு வேறு வார்த்தையை நீங்கள் யாரும் கொடுக்கவில்லை. அட்டையில் ஒட்டும் பெயருக்கு ஓர் ஆயுள் வையுங்கள். 21 நாள் எந்த அசைவும் இல்லையென்றால் பெயர் தானாக உதிர்ந்துவிட வேண்டும், திரும்ப ஒட்டிக்கொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. மனிதர் எடுத்தால் வலிக்கும், நாட்காட்டி எடுத்தால் வலிக்காது.

சரம்தொடுப்பவள் பதில்:

களத்துமேடு அண்ணா சொன்ன ஃப்ரீஸ் நிரலாளர்களுக்கானது. நான் மொழிபெயர்ப்பவள், எங்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது, சின்னக் குழுக்கள் அதைத்தான் முதலில் மறக்கின்றன.

க்னோம் 2.0 வந்தது 2002 ஜூனில். அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மார்ச், செப்டம்பர் என்று வைத்துக்கொண்டார்கள், இன்றுவரை பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சில வாரங்களுக்கு முன்னால் சரங்களுக்கான ஃப்ரீஸ் வரும். திரையில் பயனருக்குத் தெரியும் எந்த வாக்கியத்தையும் அந்தத் தேதிக்குப் பிறகு தொடக் கூடாது. தொட்டே ஆக வேண்டுமென்றால் மொழிபெயர்ப்புக் குழுவிடம் அனுமதி கேட்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று தோன்றலாம். மொழிபெயர்ப்புகளைக் கையாளும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவி வேலை செய்யும் விதம் அப்படி. ஒரு நிரலாளர் கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து, ஆங்கிலத்தில் “முடியாது” என்று இருந்த செய்தியை “முடியவில்லை” என்று அழகுபடுத்துகிறார் என்று வையுங்கள். அவருக்கு அது ஒரு சொல். ஆனால் மூல வரி மாறியதுமே எல்லா மொழியிலும் அந்த வரியின் மொழிபெயர்ப்பு சந்தேகத்துக்குரியது என்று குறிக்கப்பட்டுவிடும். ஆங்கிலத்தில் ஃபஸ்ஸி என்பார்கள். அப்படிக் குறித்த வரியை நிரல் காட்டாது, பயனரின் திரையில் ஆங்கிலம்தான் வரும். நாங்கள் இருபது நாள் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து நூறு சதவீதம் ஆக்கிய ஒரு கோப்பு மறுநாள் காலையில் 94 ஆகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வந்த வருத்தத்தில் இரண்டு மாதம் அந்தத் திட்டத்தின் பக்கமே போகவில்லை. க்னோமில் 80 சதவீதச் சரங்கள் முடிந்திருந்தால்தான் வெளியீட்டுக் குறிப்பில் அந்த மொழி முழு ஆதரவுள்ள மொழியாக இடம்பெறும், அதனால் கடைசி நேரத்து ஒரு வரியும் கணக்குத்தான்.

அதனால் உங்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் மென்பொருள் தமிழில் மட்டும்தானா, வேறு மொழிகளும் உண்டா? உண்டென்றால் தேதிகளைப் போடும்போது, நிரல் முடிந்த நாளிலிருந்து ரிலீஸ் வரை இருக்கிற இடைவெளி உங்களுடையது இல்லை, மொழிபெயர்ப்பவர்களுடையது. அதிலிருந்து இரண்டு நாள் கடன் வாங்கிக்கொள்கிறோமே என்று நினைக்க வேண்டாம். இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒற்றைமாடு பதில்:

மேலே இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் நான் இதில் உடன்படவில்லை.

எட்டு வருடமாக ஒரு சின்ன லைப்ரரியை, அதாவது மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பைத் தனியாகப் பராமரிக்கிறேன். தேதி என்று ஒன்று வைத்ததே இல்லை. யாராவது எழுதிய திருத்தம் பேட்ச் ஆக வருகிறது, பார்க்கிறேன், நன்றாக இருந்தால் சேர்க்கிறேன், அன்றைக்கே புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்ணைக் கூட்டி வெளியிட்டுவிடுகிறேன். ஏட்டுக்கட்டு, உங்களுக்கு இரண்டாம் பதிப்பு என்று ஒன்று எதற்கு? 64 அட்டையில் முடிந்தது எத்தனையோ அதை இன்றைக்கே 1.1 என்று கொடுங்கள், அடுத்த வாரம் 1.2. ஒன்பது பேருக்கு நாலு படி ஃப்ரீஸ் என்பது ஒரு முழக் கொடிக்குப் பந்தல் போடுகிற மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது, இதை நான் லேசாகச் சொல்லவில்லை. தேதியைப் பற்றிய நச்சரிப்பு ஒரு மனிதரை என்ன செய்யும் என்று எக்ஸ்இசட் விஷயத்தில் உலகமே பார்த்தது. கோப்புகளைச் சுருக்கும் அந்தக் கருவியை வருடக்கணக்கில் ஒருவர் தனியாகப் பார்த்துவந்தார். 2022-ல் மடற்குழுவில் சில பெயர்கள் முளைத்தன. பேட்ச் ஏன் சேரவில்லை, ரிலீஸ் ஏன் வரவில்லை, முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று மாறி மாறிக் கேட்டன. அவர், இது சம்பளமில்லாத பொழுதுபோக்குத் திட்டம், என் மனநலமும் சரியாக இல்லை என்று பொறுமையாக எழுதினார். அந்த நேரத்தில் கை கொடுக்க வந்த ஒருவருக்குப் படிப்படியாக உரிமைகளைக் கொடுத்தார். அந்தக் கைதான் 2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்வாசலை வைத்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று ஒருவர் விடாமல் தோண்டியதால் மார்ச் 29 அன்று அது வெளியே வந்தது. நச்சரித்த பெயர்களும் அதே ஏற்பாட்டைச் சேர்ந்தவை என்றுதான் பலரும் நம்புகிறார்கள். “எப்போது வரும்” என்ற கேள்விக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. என் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறேன்: இங்கே தேதி கிடையாது, அவசரம் என்றால் நீங்களே ஒரு பிரதி எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

திண்ணைக்காரன் பதில்:

ஒற்றைமாடு, எக்ஸ்இசட் பற்றி நீங்கள் எழுதியது ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் லைப்ரரி வேறு, பள்ளி வேறு. உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர் நிரலாளர், வாரம் ஒரு பதிப்பு வந்தாலும் சமாளிப்பார். பள்ளியில் அந்தக் கணினிக்குப் பக்கத்தில் இருப்பது ஒரே ஓர் ஆசிரியை, இணையம் ஒருநாள் இருக்கும் ஒருநாள் இருக்காது, பென்டிரைவில் எடுத்துப்போய்ப் போட வேண்டியிருக்கும். அவர் வருடத்துக்கு இரண்டு முறை புதுப்பித்தாலே பெரிய விஷயம். அவர் கேட்டது விரைவை இல்லை, “தெரிஞ்சா போதும்” என்றுதான் சொன்னார்.

நான் அவ்வப்போது கெர்னலுக்கு, வன்பொருளை இயக்கும் டிரைவர் நிரல்களுக்கான சின்னப் பேட்ச்கள் அனுப்புவேன். அங்கே நடந்ததைச் சொல்கிறேன். 2.4 வந்தது 2001 ஜனவரி, 2.6 வந்தது 2003 டிசம்பர். நடுவில் புதிதாக எழுதியதெல்லாம் 2.5 என்ற சோதனைத் தொடரில் கிடந்தது. ஊருக்குக் கடைசி பஸ் புறப்படுகிறது என்றால் என்ன நடக்கும்? படியில் தொங்குவார்கள், ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்கள், மூட்டை கட்டி முடிக்காதவரும் ஏறுவார், கண்டக்டராலும் தடுக்க முடியாது. அடுத்த ரிலீஸ் எப்போது என்று தெரியாதபோது ஒவ்வொருவரும் தன் வசதியை இதிலேயே திணிக்கத்தான் பார்ப்பார்கள், அதனாலேயே இதுவும் தள்ளிப்போகும். பிறகு முறையை மாற்றினார்கள். ஒரு பதிப்பு வந்ததும் இரண்டு வாரம் வாசல் திறந்திருக்கும், புதியதெல்லாம் அதற்குள் வர வேண்டும். ஆர்சி1, அதாவது முதல் முன்னோட்டப் பதிப்பு, வந்ததும் வாசல் மூடிவிடும். அதற்குப் பிறகு வாரம் ஒரு ஆர்சி, பழுது பார்ப்பது மட்டும். ஆர்சி7 அல்லது ஆர்சி8-ல் முடிந்துவிடும். மொத்தம் ஒன்பது பத்து வாரம். என் பேட்ச் இந்த முறை தவறினால் அடுத்த முறை பத்து வாரத்தில் வருகிறது, அதற்காக நான் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. டவுன் பஸ்ஸைத் தவறவிட்டவர் அழுது பார்த்திருக்கிறீர்களா?

அதனால் ஒரு தேதி வைக்காதீர்கள், இரண்டு வையுங்கள். ஜூனுக்கு ஒன்று, டிசம்பருக்கு ஒன்று, இரண்டையும் இன்றைக்கே அறிவியுங்கள். இரண்டாவது பஸ் உண்டு என்று நம்பிக்கை வந்தால்தான் முதல் பஸ்ஸிலிருந்து ஆள் இறங்குவார்.

கெர்னலில் இன்னொரு பழக்கமும் உங்களுக்கு உதவும். பராமரிப்பாளர்கள் பட்டியல் என்று ஒரு கோப்பு உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் யார் என்பதோடு எந்த நிலையில் என்றும் எழுதியிருக்கும். இதைப் பார்க்க ஒருவருக்குச் சம்பளம் வருகிறது, சம்பளமில்லை ஆனால் ஒருவர் பார்க்கிறார், ஆள் இருக்கிறார் ஆனால் அவருக்கு நேரம் குறைவு, ஆளே இல்லை, இப்படி. நேரம் குறைவு என்று ஒரு கோப்பில் எழுதிவைப்பதில் எவ்வளவு நாணயம் இருக்கிறது என்று நான் அடிக்கடி நினைப்பேன். உங்கள் ஒன்பது பேருக்கும் இதை எழுதிப் பாருங்கள், 64-ல் எத்தனை நடக்கும் என்று ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும்.

ஏட்டுக்கட்டு பதில்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதே யோசனைதான், நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். தேதி, அட்டை எதையும் பேசவில்லை, தேர்வு எப்படிப் போனது என்றுதான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே, “முடியலைன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு அண்ணா, அதான் வெளியே போயிட்டேன்” என்றான். களத்துமேடு அண்ணன் சொன்ன அதே விஷயம். எழுதிய வரைக்கும் அப்படியே போட்டுவிடு, முடிக்க வேண்டாம் என்றேன். ராத்திரியே அவன் எழுதியது தனி பிராஞ்சாக வந்தது, இருநூறு வரி இருக்கும். ஓட்டிப் பார்த்தேன். எண்ணை வைத்துத் தேடுவது முழுக்க வேலை செய்கிறது, பெயரை வைத்துத் தேடுவதுதான் பாக்கி. ஆகஸ்டிலிருந்து அது அப்படியே தயாராக அவன் லேப்டாப்பில் இருந்திருக்கிறது! அந்த ஆசிரியைக்கு வேண்டியதே முதுகில் இருக்கும் எண்ணை வைத்துத் தேடுவதுதான். பாதியை மட்டும் கொடுக்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

ஒற்றைமாடு, உங்கள் பேச்சில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன். முடிந்தது இன்னதென்று இப்போதுதான் உட்கார்ந்து எண்ணினோம், 64-ல் 23 முடிந்தே கிடக்கிறது, முதன்மை நிரலான மெயினோடு மெர்ஜ் செய்ய, அதாவது சேர்க்க, ஆள் இல்லாமல் நிற்கிறது. இனி அவை வந்த வாரமே மெயினுக்குள் போகும். ஆனால் பள்ளிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறைதான்.

திண்ணைக்காரன் சொன்ன பட்டியலையும் எழுதினோம். ஒன்பது பேரில் ஐந்து பேர் “நேரம் குறைவு” என்று எழுதினார்கள். முதலில் நானும் அதையே எழுதினேன்.

இப்போதைக்கு யோசித்திருப்பது: மார்ச் 15-ல் புதிய வசதிகளுக்குக் கதவு மூடுகிறது. ஏப்ரல் 1-ல் சரங்கள். அதிலிருந்து மூன்று வாரம் மொழிபெயர்ப்பு. பழுதுபார்க்க மிச்ச நாள், மே 10 ரிலீஸ். அடுத்தது டிசம்பர். சரம்தொடுப்பவள் கேட்டதற்குப் பதில், ஓசூர் பக்கம் கன்னடம், தெலுங்கு வழியில் படிக்கும் பள்ளிகள் சில எங்களிடம் இருக்கின்றன, அங்கிருக்கும் ஆசிரியர்கள் மூன்று பேர்தான் மொழிபெயர்த்துத் தருகிறார்கள். சரங்கள் மொத்தம் 310. மூன்று வாரம் போதும்தானே?

ஒரு பயமும் இருக்கிறது. மே முதல் வாரம் ஏதாவது பெரிதாக உடைந்திருந்தால்? நாலாவது தடவையும் தள்ளிப் போட்டேன் என்று ஆகக் கூடாது.

களத்துமேடு பதில்:

தள்ளிப் போடுவதில் இரண்டு விதம் உண்டு. உபுண்டு இயங்குதளம் 2004 அக்டோபரிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான். 2006 ஏப்ரலில் 6.04 வர வேண்டும். ஆனால் டெஸ்க்டாப்பில் மூன்று வருடம், சர்வரில் ஐந்து வருடம் தாங்க வேண்டிய பதிப்பு அது, மெருகேற்ற ஆறு வாரம் வேண்டும் என்று மார்ச்சிலேயே பொதுவில் வைத்துப் பேசினார்கள், சமூகத்தின் கருத்தைக் கேட்டார்கள், ஆறு வாரம் என்று முடிவு செய்தார்கள். எண்ணையும் மறைக்காமல் 6.06 ஆக்கினார்கள். சொன்னபடி ஜூன் 1-ல் வந்தது.

கெடு முடிகிற அன்றைக்குச் சொன்னால் அது நழுவல், முன்கூட்டியே காரணமும் புதுத் தேதியும் சேர்த்துச் சொன்னால் அது திட்டம். உங்களுக்கு ஜூன் முதல் வாரம் அசையாத சுவர், அதற்குப் பிறகு தேதி இல்லை. அதனால் ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் குறித்து அன்றைக்கு முடிவெடுங்கள். உடைந்திருக்கும் வசதியை அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள், ரிலீஸைத் தொடாதீர்கள். அந்த முடிவைத் தனியாக எடுக்காமல் குழுவுக்கு எழுதி 72 மணி நேரம் கொடுங்கள். அப்பாச்சி என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் வாக்கெடுப்புக்கு அந்தக் கணக்குத்தான். டொரண்டோக்காரருக்கு விடியவும் வேண்டும், யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு வேலை முடியவும் வேண்டும்.

சரம்தொடுப்பவள் பதில்:

310 சரத்துக்கு மூன்று வாரம் தாராளம். ஆனால் நாளைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள் அண்ணா. மொழிபெயர்ப்பவர்கள் ஆசிரியர்கள் என்கிறீர்கள். மார்ச்சிலும் ஏப்ரலிலும் அவர்களுக்குப் பொதுத்தேர்வு, ஆண்டுத் தேர்வு, விடைத்தாள் திருத்தும் முகாம். அந்த மூன்று வாரத்தில் ஒரு சரம்கூட வராது, நீங்கள் மறுபடி வாராவாரம் “என்ன ஆச்சு” என்று கேட்க ஆரம்பிப்பீர்கள். அவர்களிடமே கேளுங்கள், மே மாதம்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். ஏப்ரல் 25-ல் சரங்களை மூடி, மே 1 முதல் 20 வரை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஏட்டுக்கட்டு பதில்:

மூன்று பேரிடமும் இப்போதுதான் பேசினேன். நீங்கள் சொன்னது அப்படியே சரி, ஏப்ரலில் ஒருவருக்கும் முடியாதாம், மே முதல் மூன்று வாரம் என்றால் சந்தோஷமாகச் செய்கிறோம் என்றார்கள். அப்படியே மாற்றிவிட்டேன். ஏப்ரல் 25 சரங்கள், மே 20 வரை மொழிபெயர்ப்பு, மே 25 ரிலீஸ். பார்கோடு இல்லாத புத்தகங்களுக்கு இந்த முறை எண்ணை வைத்துத் தேடலாம், பெயரை வைத்துத் தேடுவது டிசம்பரில். அட்டை 31-ஐ இரண்டாக உடைத்து, இரண்டாவது அட்டையைப் பெயரில்லாமல் விட்டிருக்கிறேன்.

மணி ஆறரை ஆகிறது, ஆசிரியை பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்திருப்பார். போன் செய்யப் போகிறேன்.